வேப்ப மரக் கருகல்: ஒரே முகம் காட்டும் பூஞ்சைகளைப் பிரித்தறிவது எப்படி?

மழைக்காலம் வந்தால் வேப்ப மரம் தளதளவென்று நிற்க வேண்டும். ஆனால் தென்னிந்தியாவின் பல பகுதிகளில் ஆவணியிலிருந்து மார்கழி வரை அதன் கிளை நுனிகள் பழுப்பேறிக் காய்கின்றன. 2021-இல் தெலங்கானாவில் இது பெரிய செய்தியானது. தமிழகத்திலும் கர்நாடகத்திலும் இதே நோய் பதிவாகியிருக்கிறது. வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு என்று பழைய வட ஆற்காட்டின் எந்தச் சாலையிலும் வேம்பு நிற்பதால், கருகல் கண்ணில் பட்டதும் இங்கே கேள்விகளும் வதந்திகளும் சேர்ந்தே கிளம்புகின்றன. வைரஸ் என்கிறார் ஒருவர், செல்போன் கோபுரம் என்கிறார் இன்னொருவர், மரம் செத்துவிட்டது, வெட்டிவிடலாம் என்கிறார் மூன்றாமவர்.

மழைக்கால நுனிக்கருகலில் முதன்மைக் காரணமாக ஆய்வுகள் காட்டுவது பூஞ்சையைத்தான். அத்துடன் விஷயம் முடிந்துவிடுவதில்லை. வேம்பின் காய்ந்த கிளையிலிருந்து பல பூஞ்சைகள் பிரித்தெடுக்கப்பட்டிருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் அவை எல்லாம் ஒரே கருகலாகத்தான் தெரியும். எது என்று தெரிந்தால்தான் மருந்து பலிக்குமா, பக்கத்து மாந்தோப்புக்கு ஆபத்தா, அந்த மரத்தின் விதையை நாற்றங்காலுக்கு எடுக்கலாமா என்பதையெல்லாம் சொல்ல முடியும்.

முதலில், எது நோயே இல்லை?

பூஞ்சைக்குப் போகும் முன் கழிக்க வேண்டியவற்றைக் கழித்துவிட வேண்டும்.

1. இயல்பான இலையுதிர்வு. மாசி, பங்குனியில் வேம்பு பழைய இலையை உதிர்த்துவிட்டுத் துளிர்க்கும். அப்போது இலை மஞ்சளாகி விழும், கிளை உயிரோடு இருக்கும். நகத்தால் பட்டையைக் கீறினால் உள்ளே பச்சை தெரியும்.

2. தேயிலைக் கொசு. பெயரில் கொசு இருந்தாலும் இது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. ஹெலோபெல்டிஸ் அன்டோனை என்பது அறிவியல் பெயர். முந்திரியையும் கொய்யாவையும் தாக்கும் இதே பூச்சி வேம்பின் இளந்தளிரிலும் குத்தி உறிஞ்சுகிறது. அதன் உமிழ்நீர் பட்ட இடம் முதலில் நீர் கோத்தாற்போலவும் பிறகு பழுப்பாகவும் மாறும். தளிர் வாடும், சில இடங்களில் பிசின் வடியும்.

3. வேரில் நேர்ந்த பாதிப்பு. சாலை விரிவாக்கத்தில் வேர் வெட்டுப்பட்டிருக்கலாம், அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் பூசியிருக்கலாம், பாலாற்றுப் படுகையின் சில பகுதிகளில் இருப்பதுபோல் தோல் கழிவுநீரால் மண் உவர்ப்பேறியிருக்கலாம். இவற்றில் இலை விளிம்பிலிருந்து தீய்ந்து வருவதும், மரம் முழுவதுமோ ஒரு பக்கமோ வாடுவதும் வழக்கம். நுனியில் மட்டும் சிதறலாகக் கருகுவது அரிது.

இரண்டாவதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பூச்சி குத்திய காயம் பூஞ்சைக்கு வாசல். ஒரே கிளையில் இரண்டும் சேர்ந்திருப்பது சாதாரணம் என்பதால், பூச்சியா பூஞ்சையா என்று கேட்பதைவிட, பூச்சி விட்ட இடத்திலிருந்து பூஞ்சை கீழே இறங்குகிறதா என்று கேட்பதே சரி. இளந்தளிர் முடியும் இடத்தோடு காய்வு நின்றுவிட்டால் பூச்சியின் வேலை அதிகம். முற்றிய மரக்கட்டைக்குள்ளும் பழுப்பு நீண்டால் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒரே பூஞ்சைக்கு இரண்டு பெயர்கள் வந்த கதை

பூஞ்சைகளை வகைப்படுத்தும்போது நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களைச் சேர்த்து ஒரு பேரினம் என்பார்கள். பூஞ்சைகளில் பலவற்றுக்கு இரண்டு வாழ்க்கை நிலைகள் உண்டு. ஒன்றில் பாலினச் சேர்க்கை இல்லாமல் வித்துகளை, அதாவது விதைபோல் பரவும் நுண்துகள்களை, உண்டாக்கிப் பெருகும். இன்னொன்றில் சேர்க்கைக்குப் பிறகு வேறு வடிவ வித்துகளை உண்டாக்கும். இரண்டு நிலைகளும் பார்வைக்கு வேறு வேறாக இருந்ததால் நெடுங்காலம் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைக்க விதியே இடம் கொடுத்தது. 2011-இல் மெல்போர்னில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்று முடிவு செய்தது, 2013 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

வேம்புக்கு இதனால் நேர்ந்தது இது. மைசூரில் சதீஷ், சங்கர பட், தேவகி ஆகிய மூவர் வேம்பின் நுனிக்கருகலிலிருந்து பிரித்த ஒரு புதிய பூஞ்சையை 1997-இல் ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே என்று விவரித்தார்கள். ஃபோமாப்சிஸ் என்பது சேர்க்கையற்ற நிலைக்கு வைத்த பேரினப் பெயர். அதன் மறுநிலையின் பெயர் டயாபோர்த்தே. புதிய விதிப்படி மூத்த பெயரான டயாபோர்த்தேதான் நிலைக்கிறது. ஆகவே ஒரு கட்டுரையில் ஃபோமாப்சிஸ் என்றும் இன்னொன்றில் டயாபோர்த்தே என்றும் படித்தால் இரண்டு நோய்கள் என்று எண்ணிவிடக் கூடாது. லேசியோடிப்லோடியா என்ற பூஞ்சைக்கும் பழைய நூல்களில் போட்ரியோடிப்லோடியா என்ற பெயர் உண்டு. இதை அறியாமல் பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும்.

நுண்ணோக்கியில் நான்கு முகங்கள்

காய்ந்த குச்சியை ஈரமான மூடிய பெட்டியில் சில நாள் வைத்தால் பூஞ்சை வித்துகளை வெளித்தள்ளும். அந்த வித்துகளின் வடிவமே முதல் அடையாளம். மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படிக்கலாம்.

1. ஃபோமாப்சிஸ். பட்டையைத் துளைத்துக்கொண்டு குண்டூசித் தலையைவிடச் சிறிய கரும்புள்ளிகள் எழும். ஒவ்வொன்றும் வித்துகள் அடைபட்ட ஒரு கலம். பிக்னிடியம் என்று பெயர். ஈரம் கிடைத்தால் அதன் வாயிலிருந்து பசை போன்ற நூலாக வித்துத்திரள் வெளிவரும். உள்ளே இரண்டு வகை வித்துகள் இருக்கும். ஆல்ஃபா வித்து நீள்முட்டை வடிவம், 10 மைக்ரோமீட்டருக்கும் குறைவு, இரு முனையிலும் ஒவ்வோர் எண்ணெய்த்துளி. பீட்டா வித்து மெல்லிய இழை, முனை வளைந்திருக்கும், பெரும்பாலும் முளைப்பதில்லை. இரண்டும் ஒரே கலத்தில் தென்பட்டால் பேரினத்தை உறுதியாகச் சொல்லிவிடலாம். ஆனால் சில மாதிரிகளில் ஒரு வகை மட்டுமே வரும்.

2. லேசியோடிப்லோடியா. இதற்கும் கரும்புள்ளிக் கலங்கள்தான் என்பதால் வெறும் கண்ணுக்கு ஃபோமாப்சிஸ் போலவே தோன்றும். வித்துகள் மிகப் பெரியவை, சுமார் 25 மைக்ரோமீட்டர் நீளம். முற்றிய வித்து அடர்பழுப்பு நிறம், நடுவில் ஒரு தடுப்புச் சுவர், மேற்பரப்பில் நீளவாக்கில் கோடுகள். இளம் வித்துகளோ நிறமற்றவை, தடுப்பும் இருக்காது. அவசரமாக இளம் வித்தை மட்டும் பார்த்து எழுதிய அறிக்கை தவறாகப் போவது இங்கேதான். ஆய்வகத்தில் பூஞ்சை வளர்க்கும் சத்துக்கூழான ஊடகத்தில் வளர்த்தால் இது பாய்ந்து வளரும்: வழக்கமான 9 சென்டிமீட்டர் பெட்ரி தட்டை மூன்று நான்கு நாட்களில் நிறைத்துவிட்டு, வெண்மையிலிருந்து சாம்பலாகி, பிறகு கறுக்கும். ஃபோமாப்சிஸ் அத்தனை வேகம் காட்டுவதில்லை.

3. கொலிட்டோட்ரைக்கம். மாவிலும் மிளகாயிலும் பழ அழுகல் உண்டாக்கும் அதே பேரினம். இதற்கு மூடிய கலம் கிடையாது. திறந்த மெத்தை போன்ற திட்டில் ஆரஞ்சு நிறப் பசையாக வித்துகள் குவியும், சில நேரம் நடுவே கருமுட்கள் நிற்கும். வித்து உருளை வடிவம், சுமார் 15 மைக்ரோமீட்டர். முளைக்கும்போது நுனியில் கருநிற ஒட்டுத்திண்டு ஒன்றை உண்டாக்கிக்கொண்டு இலைத்தோலைத் துளைக்கிறது.

4. ஃபுசேரியம். அரிவாள் வளைவில் பல தடுப்புகள் கொண்ட வித்து, ஊடகத்தில் இளஞ்சிவப்பு அல்லது ஊதா நிறம். நுனிக்கருகலில் இது தென்பட்டால் பெரும்பாலும் பின்னால் வந்து சேர்ந்ததாக இருக்கும்.

நல்ல நுண்ணோக்கியும் பொறுமையும் உள்ள எந்த வேளாண் ஆய்வகமும் இந்த அளவு பிரிக்க முடியும். மதிப்புள்ள வேலை இது. பல சந்தர்ப்பங்களில் இதுவே போதும். ஆனால் இதுவரை பிரித்தது பேரினங்களை மட்டுமே.

உறவினர்களைப் பிரிக்க வடிவம் போதாது

கொலிட்டோட்ரைக்கம் கிளியோஸ்போரியாய்டிஸ் என்ற பெயரைத் தமிழக விவசாயிகள் மாம்பழ அறிக்கைகளில் பார்த்திருப்பார்கள். அது ஒரே சிற்றினம் அன்று. 2012-இல் வெளியான ஒரு விரிவான ஆய்வு, அந்தப் பெயரின் கீழ் இருந்தவற்றை மரபணுக்களைக் கொண்டு அலசி, 22 சிற்றினங்கள் அடங்கிய கூட்டு என்று காட்டியது. வித்தின் வடிவில் அவற்றுள் பலவற்றைப் பிரிக்கவே இயலாது. லேசியோடிப்லோடியா தியோப்ரோமே என்று எழுதப்பட்டவற்றிலிருந்தும் 2008 முதல் பல புதிய சிற்றினங்கள் பிரிந்துள்ளன. டயாபோர்த்தேயிலும் இதே நிலைதான். ஒரே மரத்தில் அதன் பல சிற்றினங்கள் இருக்கலாம், ஒரே சிற்றினம் பல மரங்களில் இருக்கலாம். ஆகவே எந்த மரத்தில் கிடைத்தது என்பதை வைத்துப் பெயர் சூட்டும் பழைய வழக்கம் இப்போது நம்பத்தக்கதாக இல்லை.

நூலிழை வேறுபாட்டுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்று கேட்கலாம். வேறு நாடுகளின் இரண்டு அனுபவங்கள் இதற்கு விடை தருகின்றன.

ஐரோப்பாவில் ஆஷ் மரங்கள் 1990களில் போலந்திலிருந்து கூட்டங்கூட்டமாகக் காயத் தொடங்கின. 2006-இல் நோய்க்கிருமியின் சேர்க்கையற்ற நிலை கண்டறியப்பட்டது. 2009-இல் அதன் மறுநிலையை ஹைமனோஸ்கைஃபஸ் ஆல்பிடஸ் என்று அடையாளம் காட்டினார்கள். அது 19ஆம் நூற்றாண்டு முதலே அறியப்பட்ட, உதிர்ந்த இலைக்காம்பை மட்கச் செய்யும் சாதுவான உள்ளூர்ப் பூஞ்சை. உள்ளூர்ப் பூஞ்சை திடீரென்று கொலைகாரனானது ஏன் என்று தட்பவெப்பத்திலும் மரத்தின் பலவீனத்திலும் காரணம் தேடினார்கள். பிறகு டிஎன்ஏ ஒப்பீடு உண்மையைக் காட்டியது: கொல்வது அதுவல்ல, வடிவில் அதைப் போலவே இருக்கும் இன்னொரு சிற்றினம். இன்று அதற்கு ஹைமனோஸ்கைஃபஸ் ஃப்ராக்ஸினியஸ் என்று பெயர், கிழக்காசியாவிலிருந்து வந்தது. அதை உள்ளூர்ப் பூஞ்சை என்று நினைத்திருந்த வரையில், எல்லையில் தடுக்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை.

ஹவாய் தீவில் ஒஹியா என்ற சொந்த மண்ணின் மரம் சாகத் தொடங்கியபோது செராட்டோசிஸ்டிஸ் பேரினத்தின் ஒரு பழைய பெயரே முதலில் சொல்லப்பட்டது. 2018-இல் அது இரண்டு புதிய சிற்றினங்கள் என்று தெளிவானது. லுகுஒஹியா என்பது மரத்தின் நீர்க்குழாய்களில் பரவி மரத்தை விரைவில் கொல்லும். ஹூலிஒஹியா ஓரிடத்தில் புண்ணாக நின்று மெதுவாகவே அரிக்கும். எந்த மரத்தை முதலில் அகற்ற வேண்டும் என்ற முடிவே இந்தப் பிரிப்பைப் பொறுத்தது.

டிஎன்ஏ சோதனை என்ன செய்கிறது?

எல்லாப் பூஞ்சைகளிலும் காணப்படும், ஆனால் சிற்றினத்துக்குச் சிற்றினம் எழுத்து மாறும் ஒரு துண்டைப் படித்து ஒப்பிடுவதே அடிப்படை. ஐடிஎஸ் என்ற துண்டு 2012-இல் பூஞ்சைகளுக்கான பொது அடையாளமாக முன்மொழியப்பட்டது. மாதிரியில் உள்ளது ஃபோமாப்சிஸா லேசியோடிப்லோடியாவா என்று அது சட்டென்று சொல்லும். ஆனால் கொலிட்டோட்ரைக்கம், லேசியோடிப்லோடியா, டயாபோர்த்தே ஆகிய மூன்று பேரினங்களிலும் நெருங்கிய உறவினர்களைப் பிரிக்க ஐடிஎஸ் மட்டும் போதாது. டெஃப்-1, பீட்டா டியூபுலின், கால்மோடுலின், ஹிஸ்டோன் போன்ற மரபணுத் துண்டுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஓர் அறிக்கை ஐடிஎஸ் ஒன்றை மட்டும் காட்டிச் சிற்றினப் பெயரை உறுதியாக எழுதியிருந்தால், பேரினத்தை ஏற்றுக்கொண்டு சிற்றினத்தை அரைமனதோடு ஏற்பதே நியாயம். பொதுத் தரவுத்தளங்களில் பழைய தவறான பெயர்களோடு சேமிக்கப்பட்ட வரிசைகளும் கலந்திருப்பது இதற்கு இன்னொரு காரணம்.

கிளையில் இருந்தது என்பதாலேயே குற்றவாளி ஆகிவிடாது

செய்திகளில் அதிகம் தவறவிடப்படும் பகுதி இது. முழு ஆரோக்கியமான வேம்பின் கிளைக்குள்ளும் பூஞ்சைகள் வாழ்கின்றன. நோய்க்குறி எதுவும் காட்டாமல் திசுக்களுக்குள் தங்கும் இவற்றை அகவாழ் பூஞ்சைகள் என்பார்கள். டயாபோர்த்தே, லேசியோடிப்லோடியா, கொலிட்டோட்ரைக்கம் மூன்றிலுமே இப்படி வாழும் சிற்றினங்கள் உண்டு. வறட்சியிலோ வெப்பத்திலோ மரம் தளர்ந்தால் அவற்றுள் சில நோயாக மாறும், சில வெறுமனே செத்த திசுவைத் தின்னும். மே மாத வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வேலூரில் இதை ஒதுக்கிவிட முடியாது.

எனவே பழியைச் சுமத்த நான்கு படிகளைத் தாண்ட வேண்டும்:

1. நோயுற்ற மரங்களில் அந்தப் பூஞ்சை தொடர்ந்து தென்பட வேண்டும்.
2. அதைத் தனியாகப் பிரித்து, வேறு எதுவும் கலவாமல் வளர்க்க வேண்டும்.
3. வளர்த்ததை நலமான நாற்றில் செலுத்தினால் அதே கருகல் வர வேண்டும். செலுத்தாமல் காயம் மட்டும் செய்த நாற்று நலமாக இருக்க வேண்டும்.
4. கருகிய நாற்றிலிருந்து அதே பூஞ்சையை மீண்டும் எடுக்க வேண்டும்.

மூன்றாவது படி இல்லாத அறிக்கை, பூஞ்சை அங்கே இருந்தது என்று மட்டுமே நிறுவுகிறது.

வேலூர்ப் பக்கம் இதனால் என்ன மாறும்?

பக்கத்துத் தோப்பு. குடியாத்தம், அணைக்கட்டுப் பகுதிகளில் வேம்பும் மாவும் ஒரே வரப்பில் நிற்கின்றன. லேசியோடிப்லோடியா நூற்றுக்கணக்கான தாவரங்களைத் தாக்கக் கூடியது, மாவின் நுனிக்கருகலுக்கும் காம்படி அழுகலுக்கும் அது ஒரு முக்கியக் காரணம். வேம்பில் அது உறுதியானால் கழித்த கிளைகளை மாந்தோப்பு ஓரத்தில் குவித்து வைப்பது ஆபத்து. ஃபோமாப்சிஸ் அசாடிராக்டேயோ வேம்பின் நோயாகவே அறியப்படுகிறது.

விதை. ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே பூவையும் காயையும் தாக்குகிறது, விதை வழியாகவும் பரவுகிறது. கருகல் கண்ட மரத்தின் வேப்பங்கொட்டையை எண்ணெய்க்கோ பிண்ணாக்குக்கோ பயன்படுத்தலாம். நாற்றங்காலுக்கு எடுப்பது நோயை நம் கையாலேயே புதிய இடத்தில் நடுவதாகும். மரக்கன்று நடும் திட்டங்களில் விதை எந்த மரத்திலிருந்து வந்தது என்று கேட்கும் வழக்கம் வர வேண்டும்.

மருந்து. கருகலுக்கு அதிகம் சொல்லப்படும் கார்பென்டசிம், பூஞ்சையின் பீட்டா டியூபுலின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு செல் பிரிவதைத் தடுக்கிறது. இதே புரதத்தின் மரபணுதான் அடையாளம் காணவும் பயன்படுகிறது என்பது சுவையான பொருத்தம். கொலிட்டோட்ரைக்கத்தின் கிளியோஸ்போரியாய்டிஸ் கூட்டின் மேல் இந்த மருந்து நன்றாக வேலை செய்யும், அதே பேரினத்தின் இன்னொரு கூட்டான அக்யூட்டேட்டம் இயல்பிலேயே அதைத் தாங்கிக்கொள்ளும். உறவினர்களுள்ளேயே இத்தனை வேறுபாடு. தொடர்ந்து இதையே தெளித்தால் அந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறியே பூஞ்சை தப்பித்துக்கொள்ளவும் கூடும். ஜவ்வாது மலைச் சந்தன மரங்களின் பெரும் பகையான கூர்நுனி நோயைப் பார்த்துவிட்டு இதே மருந்தைக் கேட்பவர்களும் உண்டு. அது பூஞ்சையே அன்று, ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். பூஞ்சைக்கொல்லி அதை ஒன்றும் செய்யாது.

நாற்பது அடி வேம்புக்குத் தெளிப்பான் எட்டுவதே கடினம். தெளித்தது கிணற்றிலும் தேனீயிலும் படும். நாற்றங்காலிலும் இளங்கன்றிலும் மருந்துக்கு இடமுண்டு. பெரிய மரத்தில் மழை ஓய்ந்த வறண்ட நாளில், காய்ந்த எல்லைக்குக் கீழே பச்சைக் கட்டையில் வெட்டிக் கழித்து, கழித்ததை எரித்து, வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவுவதே முதல் வேலை. வெட்டுக்கத்தியை மரத்துக்கு மரம் சுத்தம் செய்ய வேண்டும்.

மரத்தையே வெட்டுவது. மார்கழியில் கருகி நின்ற வேம்பு பங்குனியில் துளிர்ப்பது பரவலாகக் காணும் ஒன்று. ஆண்டுக்காண்டு கருகல் கூடி அடிக்கிளை வரை இறங்கினால் மட்டுமே அகற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். ஒரே பருவத்தின் பழுப்பைப் பார்த்து வெட்டுவதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது.

மாதிரி எடுக்கும் முறை

இத்தனை பிரிப்பும் ஆய்வகத்துக்குப் போகும் குச்சியைப் பொறுத்தது. வேலூருக்கு விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையும் வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனமும் இருக்கின்றன.

1. முழுக்கக் காய்ந்த குச்சி வேண்டாம். பச்சையும் பழுப்பும் சந்திக்கும் எல்லை நடுவில் வரும்படி, பென்சில் கனமுள்ள துண்டை ஒரு சாண் நீளத்தில் வெட்ட வேண்டும். உயிருள்ள பூஞ்சை முன்னேறிக்கொண்டிருப்பது அந்த எல்லையில்தான்.
2. மூன்று நான்கு மரங்களிலிருந்து தனித்தனியாகவும், கருகாத மரம் ஒன்றிலிருந்து ஒப்பிடுவதற்கும் எடுக்க வேண்டும். அகவாழ் பூஞ்சை எது என்று பிரிக்க அந்த நலமான குச்சி தேவை.
3. காகித உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் வியர்த்து, வேண்டாத பூஞ்சைகள் மேலே படர்ந்துவிடும். வெயில் படாமல் ஓரிரு நாளில் சேர்ப்பது நல்லது.
4. ஊர், தேதி, மரத்தின் ஏறத்தாழ வயது, கருகல் தொடங்கிய மாதம், அருகில் உள்ள மரங்கள், தளிரில் பூச்சி தென்பட்டதா, ஏற்கெனவே என்ன மருந்து தெளித்தது என்று ஒரு தாளில் எழுதி இணைக்க வேண்டும். பூஞ்சைக்கொல்லி தெளித்த கிளையில் ஆய்வகத்தில் எதுவுமே வளராமல் போகலாம்.
5. அறிக்கையில் பேரினம் வரையா சிற்றினம் வரையா, எந்தெந்த மரபணுத் துண்டுகள் படிக்கப்பட்டன, நாற்றில் செலுத்திப் பார்த்தார்களா என்பதையும் எழுதித் தரும்படி கேட்கலாம்.

தை பிறந்து கிளை முழுவதும் காய்ந்த பிறகு எடுத்த குச்சியில் செத்த கட்டையைத் தின்னும் பூஞ்சைகளே முந்திக்கொண்டு வளரும். கருகல் இறங்கிக்கொண்டிருக்கும் ஐப்பசி, கார்த்திகையிலேயே மாதிரி எடுத்துவிட வேண்டும்.